அரைச் சதவீதம் என்றால் குறைவா?

– இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவி, வேதியியல் துறை

“முதுகுல ஊசி போட்டாங்களா?”

பிள்ளை பெற்றவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருகிற நம் ஊர்ப் பெண்கள், குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டதற்கு அடுத்தபடியாகக் கேட்பது இதைத்தான். ஆமாம் என்று சொன்னால் ஒரு பெருமூச்சு. “அப்புறம் ஆயுசுக்கும் இடுப்பு வலிதான்” என்று ஒரு தீர்ப்பு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21), தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவைச் சிகிச்சை மூலம் நடந்தவை. அவற்றுள் மிகப் பலவற்றுக்கு இந்த முதுகு ஊசியே துணை. ஆக, இது வீட்டுக்கு வீடு பேசப்படுகிற ஊசி. ஆனால் அந்த ஊசிக்குள் இருப்பது என்ன, எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்ற ஆண்டுவரை எனக்கும் தெரியாது. தெரியாததோடு நில்லாமல் தெரிந்ததுபோல ஒரு பதிலும் சொல்லிவிட்டேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். ஏழாம் மாதம்வரை நின்றுகொண்டே வேலை செய்தாள். பிரசவத்திற்குச் சேர்த்த இடத்தில், குழந்தை திரும்பவில்லை, அறுவைதான் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வாங்கிவர வேண்டிய பொருள்களுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்கள். அப்பா மருந்துக் கடையிலிருந்து ஒரு பை நிறைய வாங்கிவந்தார். கையுறை, தையல் நூல், குளுக்கோஸ் பாட்டில்கள், அவற்றோடு ஒரு சின்ன அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் கட்டைவிரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. அதன்மேல் 0.5% என்று எழுதியிருந்தது.

பக்கத்துக் கட்டில்காரர்கள் அதைப் பார்த்தார்கள். அவர்கள் மருமகளுக்குச் சுகப் பிரசவம். தையல் போடுவதற்காக அவர்களும் ஒரு மரப்பு மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். “எங்களுது ரெண்டு பர்சண்டுங்க. உங்களுக்கு அரைதானுங்களா?” என்றார் அந்த அம்மா. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அப்பாவின் முகம் மாறிவிட்டது. என்னைத் தனியே அழைத்துப்போய்க் கேட்டார்:

“அம்மிணி, நீ சயின்சு படிக்கிறயல்லொ. அரை பர்சண்டுன்னா தண்ணி கலந்த மருந்தா? வயித்தக் கிழிக்கறதுக்கு இது பத்துமா? நாம காசு கம்மியாக் கட்டுனதுக்குக் கம்மியாப் போடறாங்களா?”

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ரேஷன் கார்டு விண்ணப்பமானாலும், மின்சாரக் கட்டணச் சீட்டானாலும், மருந்துப் பெட்டியானாலும் என் கைக்குத்தான் வரும். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல அன்று நா எழவில்லை. “கம்மியா இருந்தா ஒடம்புக்கு நல்லதுதானுங்கப்பா” என்றேன். அப்பா நம்பினார். அக்காவுக்கு ஒரு குறையும் வரவில்லை. என்றாலும் அந்தப் பதில் முள்ளாகவே குத்திக்கொண்டிருந்தது. அதன் பிறகு என் வேதியியல் ஆசிரியரிடம் கேட்டும், 2022 சனவரியில் திறக்கப்பட்ட நம் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் தோழியின் அண்ணனிடம் நூல்களை இரவல் வாங்கிப் படித்தும் நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

சாயப்பட்டறைக் கணக்கு

ஒரு கரைசலில் 0.5 சதவீதம் என்றால், 100 மில்லி லிட்டரில் அரை கிராம் மருந்து. அரை கிராம் என்பது 500 மில்லி கிராம். ஆகவே ஒரு மில்லி லிட்டரில் 5 மில்லி கிராம். சதவீத எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஒரு மில்லியில் எத்தனை மில்லி கிராம் என்பது கிடைத்துவிடும். 2 சதவீதம் என்றால் 20, 5 சதவீதம் என்றால் 50. இவ்வளவுதான் கணக்கு. முதலாம் ஆண்டிலேயே நான் படித்ததுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அது நினைவுக்கு வரவில்லை!

இப்போது அப்பாவின் தொழிலுக்கு வருவோம். அவர் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். அங்கேயும் சதவீதம்தான் பேச்சு. ‘இரண்டு சதவீத ஷேடு’ என்று டையிங் மாஸ்டர் சொன்னால், 100 கிலோ துணிக்கு 2 கிலோ சாயம் என்று பொருள். தண்ணீர் எவ்வளவு என்பது வேறு கணக்கு. இப்போதைய மெஷினில் கிலோவுக்கு 6 லிட்டர் தண்ணீர் என்று 600 லிட்டர் எடுப்பார்கள். பழைய வின்ச்சில் கிலோவுக்கு 20 லிட்டர் வீதம் 2,000 லிட்டர்கூட ஆகும். முதல் தொட்டியில் லிட்டருக்கு 3.3 கிராம் சாயம். இரண்டாவதில் லிட்டருக்கு ஒரே கிராம். தண்ணீரை மட்டும் பார்த்தால் ஒன்று மூன்று மடங்கு அடர்த்தி. ஆனால் இரண்டிலும் துணிக்குக் கொடுத்தது அதே 2 கிலோ. தண்ணீர் கூடினால் சாயம் துணியில் ஏறாமல் தொட்டியிலேயே கொஞ்சம் தங்கிவிடும் என்பதும் உண்மைதான், அதை மாஸ்டர் சரிக்கட்டிக்கொள்வார். நிறத்தை முதலில் முடிவு செய்வது சாயத்தின் எடை.

இன்னொன்று. எந்தச் சாயம் என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொன்னால் பொருளே இல்லை. ஒரு சாயத்தை ஒரு சதவீதம் போட்டால் துணி கண்ணைப் பறிக்கும். வேறொன்றை ஒரு சதவீதம் போட்டால் வெளிறிக் கிடக்கும்.

மருந்திலும் இதே கதைதான். பக்கத்துக் கட்டில் 2 சதவீதம் லிக்னோகெயின். அதையே லிடோகெயின் என்றும் சொல்வார்கள். சுவீடன் நாட்டு வேதியியலார் நில்ஸ் லாஃப்கிரென் 1943-இல் தயாரித்தது. அக்காவின் 0.5 சதவீதம் பியூபிவகெயின். அதே நாட்டில் 1957-இல் ஏகன்ஸ்டாம் குழுவினர் உருவாக்கியது. எடைக்கு எடை பார்த்தால் பியூபிவகெயினின் வீரியம் லிக்னோகெயினைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று மருந்தியல் நூல்கள் கூறுகின்றன. அரையை நான்கால் பெருக்குங்கள். இரண்டு! பக்கத்துக் கட்டிலும் எங்கள் கட்டிலும் வீரியத்தில் ஏறக்குறைய ஒன்றேதான். அத்துடன் பியூபிவகெயினின் மரப்பு நீண்ட நேரம் நிற்கும். அந்த அம்மாவின் மருமகளுக்குச் சில தையல்கள். என் அக்காவுக்கு ஒரு முழு அறுவை. யாருக்கும் தண்ணீர் கலந்து கொடுக்கவில்லை.

1898-ஆம் ஆண்டின் அரைச் சதவீதம்

வியப்பான ஒரு செய்தி என்னவென்றால், முதுகு ஊசியின் வரலாறே அரைச் சதவீதத்தில்தான் தொடங்குகிறது. செர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர், 1898 ஆகஸ்டு 16-ஆம் நாள், கணுக்காலில் காசநோய் கண்ட ஒரு கூலித் தொழிலாளிக்கு முதுகுத் தண்டின் திரவத்தில் மருந்து செலுத்தி, வலியின்றி அறுவை செய்தார். செலுத்தியது 0.5 சதவீதக் கொகெயின் கரைசல் 3 மில்லி. அதாவது 15 மில்லி கிராம். கொகெயின் கண்ணை மரக்கச் செய்யும் என்பதைக் கார்ல் கோலர் 1884-இல் வியன்னாவில் காட்டியிருந்தார். முதுகில் ஊசி செலுத்தித் திரவத்தை எடுக்கும் முறையை ஹென்ரிக் குவின்கே 1891-இல் வகுத்திருந்தார். இரண்டையும் இணைத்தவர் பியர்.

தம் நோயாளிகள் சிலருக்கு இந்த ஊசிக்குப் பின் தலைவலியும் வாந்தியும் வந்ததைக் கண்ட பியர், அதன் காரணத்தை அறியத் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். ஆகஸ்டு 24-ஆம் நாள் அவருடைய உதவியாளர் ஹில்டபிராண்டு அவர் முதுகில் ஊசியைச் செலுத்தினார். ஊசியும் பீச்சாங்குழலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. திரவம் வழிந்தோடியது, மருந்து உள்ளே போகவில்லை. பிறகு ஹில்டபிராண்டுக்குப் பியர் செலுத்தினார். 1 சதவீதக் கரைசல் அரை மில்லி, 5 மில்லி கிராம். அது பலித்தது. மரத்துப்போன காலில் சுருட்டால் சுட்டார்கள், சுத்தியலால் முழங்காலின் கீழே தட்டினார்கள். வலி இல்லை! வேலை முடிந்ததும் இருவரும் மது அருந்திச் சுருட்டுப் பிடித்துக் கொண்டாடினார்களாம். அந்த மகிழ்ச்சி மறுநாளே போய்விட்டது. பியருக்கு ஒன்பது நாள் தலைவலி. எழுந்தால் வலிக்கும், படுத்தால் போகும். மருந்தே ஏறாதவருக்கு இப்படி ஆனது ஏன் என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

கவனியுங்கள்: 1898-இல் 0.5 சதவீதம் 3 மில்லி, 15 மில்லி கிராம் கொகெயின். இன்று என் அக்காவுக்கு அதே 0.5 சதவீதம், 2 மில்லி, 10 மில்லி கிராம் பியூபிவகெயின். எண் ஒன்று, மருந்து வேறு. கொகெயினை மருத்துவர்கள் முதுகில் செலுத்துவதை விட்டு நூறாண்டுக்கு மேலாகிவிட்டது.

அந்தச் சர்க்கரை எதற்கு?

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். சாயக் கணக்கு அவருக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் பெட்டியை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து என் முன்னே வைத்து, “அதுசரி கண்ணு, இதுல டெக்ஸ்ட்ரோசுன்னு ஒண்ணு போட்டிருக்குதே, அது சக்கரையல்லொ? ஊசியில சக்கரை எதுக்கு?” என்றார்.

அப்பா ஐந்தாம் வகுப்பு. அவர் கேட்ட இந்தக் கேள்விதான் பொருளின் உயிர்நிலை.

நம் நாட்டில் இந்த ஊசிக்குப் பெரிதும் பயன்படுவது ‘ஹெவி’ பியூபிவகெயின் என்பது. கனமான பியூபிவகெயின். 4 மில்லி குப்பி. ஒவ்வொரு மில்லியிலும் மருந்து 5 மில்லி கிராம். சர்க்கரையோ 80 மில்லி கிராம்! மருந்தைப்போல் பதினாறு மடங்கு சர்க்கரை. அது ஊட்டத்துக்காக அன்று, எடைக்காக.

தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் திரவம் ஏறக்குறையத் தண்ணீரின் கனமே உடையது. உடல் வெப்பத்தில் அதன் அடர்த்தி மில்லிக்கு 1.0003 கிராம் அளவில் இருக்கும். சர்க்கரை கலக்காத பியூபிவகெயின் அதைவிட இம்மியளவு இலேசு. உள்ளே போனபின் மேலே போகுமா, நின்ற இடத்தில் நிற்குமா என்று உறுதியாகச் சொல்வது கடினம். 8 சதவீதம் டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்தால் அடர்த்தி 1.02 அளவுக்கு ஏறுகிறது. இப்போது அது பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். உட்காரவைத்து ஊசி போட்டு அப்படியே சற்று நேரம் இருக்கச் செய்தால் மருந்து கீழே இறங்கி ஆசனப் பகுதி மட்டும் மரக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்தால் கீழே உள்ள பக்கம் முதலில் மரக்கும். மல்லாக்கப் படுக்கவைத்தால் இடுப்பு வளைவின் மேட்டிலிருந்து வழிந்து நடு முதுகின் பள்ளத்தில் போய்த் தேங்கும். மருத்துவர் கட்டிலைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதும் இதற்காகத்தான். சதவீதம் என்பது செறிவு. கனம் என்பது அடர்த்தி. இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் என் முதல் குழப்பம்.

இதைக் கண்டு சொன்னவர் இலண்டன் அறுவை மருத்துவர் ஆர்தர் பார்க்கர். 1907-இல் முதுகெலும்பின் வளைவைப்போலக் கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செய்து, அதில் திரவத்தை நிரப்பி, குளுக்கோஸ் சேர்த்த மருந்து எங்கே ஓடுகிறது என்று பார்த்தார். அவர் பயன்படுத்திய மருந்து ஸ்டோவெயின். அதைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் ஃபூர்னோவின் பெயருக்கு அடுப்பு என்று பொருள். ஆங்கிலத்தில் அடுப்புக்கு ஸ்டவ். அதுவே மருந்தின் பெயராயிற்று. வேதியியல்காரர்களுக்கும் வேடிக்கை உண்டு!

பார்க்கரின் சோதனையை நம் ஆய்வகத்தில் நானும் செய்து பார்த்தேன். தெளிவான பிளாஸ்டிக் குழாயை முதுகுபோல வளைத்து, 0.9 சதவீத உப்புநீர் நிரப்பினேன். அப்பா கொண்டுவந்து கொடுத்த நீலச் சாயத்தில் ஒரு துளியை 8 சதவீத குளுக்கோஸ் கரைசலில் கலந்து, மெல்லிய ஊசியால் மேட்டில் செலுத்தினேன். நீலம் ஒரு பாம்புபோல அடியொட்டி இறங்கிப் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. சர்க்கரை இல்லாத நீலம் ஊசி முனையிலேயே புகைபோலச் சுற்றிக்கொண்டு நின்றது. இரண்டிலும் சாயத்தின் செறிவு ஒன்றே. வேறுபட்டது சர்க்கரை மட்டும். ஆய்வக உதவியாளர் ஐயா மும்முறை செய்துகாட்டச் சொல்லிப் பார்த்தார்.

உள்ளே போனபின் சதவீதம் என்னாகிறது?

குப்பியில் இருக்கும்வரைதான் அது அரைச் சதவீதம். உள்ளே போன கணத்திலிருந்து தண்டுவடத் திரவத்தோடு கலந்து நீர்த்துப்போகிறது. இடுப்புப் பகுதியில் அந்தத் திரவம் எவ்வளவு என்று 1998-இல் பத்துப் பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து அளந்தார்கள். ஒருவருக்கு 42.7 மில்லி, மற்றொருவருக்கு 81.1 மில்லி. ஏறத்தாழ இரட்டிப்பு வேறுபாடு! 50 மில்லியில் 10 மில்லி கிராம் சீராகக் கலந்தால் அது 0.02 சதவீதம்தான். உண்மையில் அப்படிச் சீராகக் கலப்பதில்லை, ஊசிமுனை அருகே செறிவாகவும் தொலைவில் நீர்த்தும் இருக்கும். அந்தப் பத்துப் பேரிலும், திரவம் குறைந்தவர்களுக்கே ஒரே அளவு மருந்தில் மரப்பு மேலே ஏறியது. கர்ப்பிணிகளுக்கு முதுகுக் குழாயில் இரத்த நாளங்கள் புடைத்து, இத்திரவத்துக்கு இடம் குறைகிறது. அவர்களுக்கு மருந்து குறைவாகப் போதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே எடை லிடோகெயினை வெவ்வேறு சதவீதங்களில் கரைத்துக் கொடுத்துப் பார்த்து, 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மரப்பின் உயரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அளவைத் தீர்மானித்தது மில்லி கிராமே.

அறுவைப் பிரசவத்துக்கு எத்தனை மில்லி கிராம் வேண்டும்? 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் 42 பெண்களுக்கு 6 முதல் 12 மில்லி கிராம்வரை கன பியூபிவகெயின் கொடுத்துப் பார்த்தார்கள். கூடவே சிறிதளவு மார்ஃபினும் ஃபென்டனிலும். பாதிப் பேருக்குப் போதுமான அளவு 7.6 மில்லி கிராம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குப் போதுமான அளவு 11.2. ஏழரைக்கும் பதினொன்றுக்கும் இடையே உள்ள தூரம், நம் குப்பியில் ஒரு மில்லிக்கும் குறைவு. அந்தக் கால் மில்லி, அரை மில்லிக்காகத்தான் மயக்கவியல் மருத்துவர் உயரம் கேட்கிறார், எடை பார்க்கிறார், யோசிக்கிறார். குறைந்தால் நடுவில் வலிக்கும். கூடினால் மரப்பு மார்புக்கு மேலேறும், இரத்த அழுத்தம் சரியும், மூச்சும் திணறலாம்.

அமெரிக்காவில் முதுகு ஊசிக்கு 0.75 சதவீதக் கன பியூபிவகெயின் வழக்கம். 2 மில்லி குப்பி, 15 மில்லி கிராம். நம் குப்பியோ 0.5 சதவீதம், 4 மில்லி, 20 மில்லி கிராம். சதவீதத்தில் நாம் குறைவு, குப்பியில் நாம் அதிகம்! பத்தரை மில்லி கிராம் வேண்டுமென்றால் அங்கே 1.4 மில்லி, இங்கே 2.1 மில்லி. நோயாளிக்குச் சேர்வது ஒன்றே. ஆனால் அங்கே பழகியவர் இங்கே வந்து ‘1.4 மில்லி’ என்று பழக்கத்தில் எடுத்தால் 7 மில்லி கிராம்தான் போகும். இங்கே பழகியவர் அங்கே போய் 2 மில்லி எடுத்தால் 15 போய்விடும். ஆகவே மில்லியைச் சொல்லாமல் மில்லி கிராமைச் சொல்வதே முறை.

சதவீதமே எமனாகும் இடம்

இவ்வளவு சொன்னபின், சதவீதத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை போலும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முதுகு ஊசியின் உடன்பிறப்பு ஒன்று உண்டு: எபிடியூரல். அதில் மருந்து திரவத்துக்குள் போவதில்லை. உறைக்கு வெளியே நிற்கும். அளவு பெரிது, 15, 20 மில்லி. 0.75 சதவீதத்தில் 20 மில்லி என்றால் 150 மில்லி கிராம். ஊசி முனை தவறி இரத்தக் குழாயில் இருந்துவிட்டால் அத்தனையும் இதயத்துக்குப் போகும். அப்படிச் சிலரின் இதயம் நின்றுபோனதை 1979-இல் ஒரு மருத்துவர் எழுதி எச்சரித்தார். 1984-இல் அமெரிக்காவில், 0.75 சதவீதத்தைப் பிரசவ எபிடியூரலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தார்கள். அதே 0.75 முதுகு ஊசியில் ஒன்றரை மில்லிக்குள் அடங்கிவிடுவதால் அங்கே இன்னும் இருக்கிறது. மாறாக, பிரசவ வலியை மட்டும் தணிக்க எபிடியூரலில் 0.1 சதவீதமும் அதற்குக் கீழும் கொடுப்பார்கள். வலி நரம்பு மெல்லியது, நீர்த்த மருந்துக்கே மடங்கும். காலை அசைக்கும் நரம்பு தடித்தது, அவ்வளவாக மடங்காது. இங்கே செறிவுதான் எல்லாம்.

லிக்னோகெயின் 5 சதவீதக் கன மருந்தின் கதை இன்னும் சுவையானது. நம் நாட்டிலும் நெடுங்காலம் வழங்கியது. மயிர்போன்ற மெல்லிய குழாயைத் திரவத்துக்குள் வைத்துத் தொடர்ந்து மருந்து செலுத்தியபோது, மருந்து ஓரிடத்திலேயே தேங்கி, நரம்புகள் நிலையாகக் கெட்டுப்போன நான்கு பேரைப் பற்றி 1991-இல் செய்தி வந்தது. மறு ஆண்டே அமெரிக்காவில் அந்த மெல்லிய குழாய்களை விலக்கினார்கள். 1993-இல் வேறொரு செய்தி. ஒரே ஒருமுறை 5 சதவீதம் செலுத்தப்பட்டவர்களுக்கும் புட்டத்திலும் தொடையிலும் சில நாள் வலி. சதவீதத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் எண்ணினர். 1999-இல் 2, 1, 0.5 சதவீதம் என்று நீர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வலி குறையவே இல்லை! கரைசலின் செறிவன்று, அந்த மருந்தின் இயல்பே காரணம்போலும். முதுகு ஊசியில் லிக்னோகெயினைப் பெரும்பாலோர் கைவிட்டது இதனால்தான். அதன் இடத்துக்குத்தான் பியூபிவகெயின் வந்தது.

அம்மிச்சியின் கேள்வி

அம்மிச்சிக்குச் சதவீதத்தில் நாட்டமில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: “நரம்புல குத்திப் புள்ள நொண்டியாயிட்டா?” தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் இல்லை. பெரியவர்களுக்கு இடுப்பெலும்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரை வால்போல நரம்பு இழைகள் திரவத்தில் மிதக்கின்றன. ஊசி போடுவது அந்த இடத்தில், மூன்றுக்கும் நான்குக்கும் அல்லது நான்குக்கும் ஐந்துக்கும் இடையே. முனை பட்டால் இழைகள் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். நரம்பு கெடுவது அறவே இல்லையென்று சொல்ல முடியாது. மிக அரிது.

பியரின் ஒன்பது நாள் தலைவலிக்கு மருந்து காரணமன்று. தடித்த ஊசி போட்ட துளை வழியே திரவம் கசிந்ததே காரணம். எழுந்து உட்கார்ந்தால் வலித்ததும் அதனால்தான். இப்போது மிக மெல்லிய ஊசிகள், அவற்றிலும் இழைகளை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும் பென்சில் முனை ஊசிகள் வந்துவிட்டன. அந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்துவிட்டது. இடுப்பு வலியைப் பொறுத்தவரை, குத்திய இடம் சில நாள் வலிப்பது உண்டு. ஆயுசுக்கும் வரும் வலிக்கு ஊசியே காரணம் என்பதை ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பத்தின் பாரமும், பிள்ளையைத் தூக்கிக் குனிந்து நிமிர்வதும், பனியன் கம்பெனியில் பத்து மணி நேரம் நிற்பதும் ஊசியின் கணக்கில் எழுதப்படுகின்றன. அம்மிச்சி இதை ஒப்புக்கொள்ளவில்லை. “உனக்கென்ன தெரியும்” என்றுவிட்டார்.

அக்காவிடம் கேட்டேன், எப்படி இருந்தது என்று. முதலில் பாதத்தில் வெதுவெதுப்பு ஏறியதாம். அது இரத்த நாளங்களை இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய நரம்புகள் முதலில் மடங்கியதன் அடையாளம். நாளங்கள் தளர்ந்ததால் இரத்த அழுத்தமும் சற்றுச் சரிந்து, குமட்டல் வந்து, ஏதோ ஊசி மாற்றிப் போட்டார்களாம். பிறகு ஸ்பிரிட் பஞ்சை வயிற்றில் வைத்துச் சில்லென்று இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. மேலே மேலே வைத்துக்கொண்டே போய் மார்புக் காம்பின் அளவில் நிறுத்தினார்கள். அறுவைப் பிரசவத்துக்கு மரப்பு அங்குவரை எட்டவேண்டும். வலி தெரியவில்லை. ஆனால் யாரோ வயிற்றுக்குள் துணி துவைப்பதுபோல இழுபறி தெரிந்ததாம். வலி நரம்பு மடங்கியபின்னும் அழுத்தத்தை உணரும் நரம்பு கொஞ்சம் விழித்திருக்கும் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் அவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

வார்டுக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் கால்கள் கட்டைபோலக் கிடந்தன. அம்மிச்சி பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். போனவை திரும்பி வருவதும் வரிசையாகத்தான். பொதுவாக அசைவு முதலில், வலி பின்னால். நான்கு மணிக்கு இடது கட்டைவிரல் இலேசாக அசைந்தது. அப்பா அதைத் தொட்டு, “தெரியுதா கண்ணு?” என்றார். தொட்டது தெரிகிறது, யார் தொட்டது என்றுதான் தெரியவில்லை என்றாள் அக்கா. அரை மணியில் தையல் வலிக்கத் தொடங்கி, நர்ஸம்மாவைக் கூப்பிடச் சொன்னாள்.